ஓடின மைலுக்குத் தாள் எங்கே?

கனடாவில் ட்ரக் ஓட்டிப் பிழைக்கிற ஒருவருக்கு வேலை போய்விட்டால், மறுபடி எழும்ப அவருக்கு முதலில் வேண்டியது தாள்கள். மூன்று வருடத்து டிரைவர் அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஓட்டுநர் பதிவுத் தாள். வணிக வாகனங்களுக்கான சி.வி.ஓ.ஆர். பதிவு. பழைய கம்பனி எழுதித் தந்த அனுபவக் கடிதம். காலாவதியாகாத மருத்துவ அறிக்கை. 53 அடி ட்ரெயிலரை இருட்டில், மழையில், ஒரே தடவையில் டொக்கில் செருகிவிடுகிற கை இருந்தாலும், இவற்றில் ஒன்று குறைந்தால் புதிய கம்பனியின் காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார். அதற்குப் பிறகு முதலாளி நல்லவராக இருந்தும் பயனில்லை.

புலம்பெயர்ந்தவர்கள் விழுந்து எழும்பிய கதை என்றால் மனத்தைரியம், விடாமுயற்சி என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். உழைப்பில் இந்த மனிதர்களுக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை. உழைத்ததற்கு ஆதாரம் கேட்கும் இடத்தில்தான் அவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இதில் வருகிற ‘அவர்’ ஒரே ஆள் அல்லர். ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் ஒரே பள்ளத்தில் விழுந்து ஒரே வழியாக ஏறி வந்த பலருடைய பாதையைச் சேர்த்து ஓர் ஆளாக எழுதியிருக்கிறது. சட்டமும் வருடமும் எண்களும் உள்ளவை உள்ளபடியே. 2016 குடிசனக் கணக்கெடுப்பின்படி ரொறன்ரோ, வன்கூவர் பெருநகரப் பகுதிகளில் ட்ரக் ஓட்டுபவர்களில் பாதிக்கும் மேல் தெற்காசியர்கள். அதில் பெரும்பகுதி பஞ்சாபிகள். தமிழர்கள் சிறு பங்கு. ஆனால் சிக்குகிற வலை இருவருக்கும் ஒன்றுதான்.

அவர் ஊரிலேயே லொறிக்காரர். 2002 சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தபோது வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சாமான் ஏற்றியவர். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. தொழிலும் அதோடு மூடியது. சில வருடங்களுக்குப் பிறகு கனடா. எம்.வி. சன் சீ கப்பல் 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் கரைசேர்ந்தது 2010 ஓகஸ்டில். அதில் வந்தவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். அவர்களுடைய அகதி வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்டன. அவர் வந்த வழி வேறு என்றாலும் காத்திருந்த காலம் அவர்களுடையதுபோலவே நீண்டது. அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஏஜென்சி மூலம் இரவுநேரத் தொழிற்சாலை வேலை.

ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு இங்கே மதிப்பில்லை. சில நாடுகளின் லைசென்ஸைக் கொடுத்து ஒன்ராறியோ லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆகவே காருக்கான எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்கி, கடைசியில் ட்ரக்குக்கான ஏ-இசட் வரைக்கும் ஏறினார். 2017 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் ஏ வகுப்பு லைசென்ஸுக்குக் கட்டாயப் பயிற்சி வந்துவிட்டது. மொத்தம் 103.5 மணிநேரம்: வகுப்பறையில் 36.5, யார்டில் 17, வண்டிக்குள் 50. அதற்குப் பல ஆயிரம் டொலர். தொழிற்சாலைச் சம்பளத்தில் சேர்த்த காசு அதில் போனது.

அவர் பயிற்சியில் இருந்த 2018 வசந்தத்தில்தான் ஹம்போல்ட் விபத்து நடந்தது. ஏப்ரல் 6 மாலை, சஸ்காச்சுவானில் ஒரு கிராமத்துச் சந்தியில், நிறுத்தற் குறியைத் தாண்டி வந்த ட்ரக்கும் இளம் ஹொக்கி வீரர்களின் பஸ்ஸும் மோதின. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். ட்ரக்கை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து வந்து நிரந்தர வதிவுரிமை பெற்ற இளைஞர். அவருக்குக் கிடைத்திருந்த பயிற்சி இரண்டே வாரம். குற்றத்தை ஒப்புக்கொண்டார், எட்டு வருடச் சிறை, பின்னர் நாடுகடத்தல் உத்தரவு. அவரை வேலைக்கு வைத்திருந்த கம்பனி உரிமையாளர் பதிவேடுகளையும் பாதுகாப்பு விதிகளையும் கவனிக்காததற்காகக் கட்டிய அபராதம் மொத்தம் 5,000 டொலர். இறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு எந்தத் தண்டனையும் ஈடாகாது. ஆனால் அந்த இரண்டு தண்டனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொழிலில் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சஸ்காச்சுவானிலும் அல்பேர்ட்டாவிலும் 2019 மார்ச்சில் கட்டாயப் பயிற்சி வந்தது.

பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்தது போக, மீதியை அவருக்குக் கற்பித்தவர் யார்டில் இருந்த ஒரு பழைய ஓட்டுநர், யாழ்ப்பாணத்துக்காரர். ட்ரக்கைப் பின்னுக்கு எடுத்து ட்ரெயிலரோடு பூட்டுவது சில நிமிட வேலை. ஃபிஃப்த் வீல் என்கிற, கிரீஸ் பூசிய கனத்த இரும்புத் தட்டு ட்ரெயிலரின் அடியில் நுழைய வேண்டும். ட்ரெயிலரின் கிங்பின் அதன் பள்ளத்துக்குள் போக, தாடைகள் அதைச் சுற்றிக் கவ்வ வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். முன்னுக்கு ஒரு இழுவை இழுத்தால் அசையாது. புதியவர்கள் அந்தச் சத்தத்தை நம்பிக் கிளம்பிவிடுவார்கள்.

“இழுத்துப் பாத்தனான் அண்ணை, பிடிச்சிருக்கு.”

“இறங்கு. லைட்டைக் கொண்டு வா. குனிஞ்சு பார், தாடை பின்னால சுத்தி வந்து பூட்டியிருக்கோ எண்டு. தட்டுக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில வெளிச்சம் தெரிஞ்சா பூட்டேல்லை எண்டு அர்த்தம். சத்தத்தை நம்பாதை தம்பி.”

இழுவைக்குப் பிடித்ததுபோலக் காட்டிவிட்டு, முதல் வளைவில் ட்ரெயிலர் கழன்று வீதியில் கிடந்த கதைகள் எல்லா யார்டிலும் உண்டு. பனிக்காலத்தில் இதோடு இன்னொன்றும் சேரும். ஈரத்தோடு நிறுத்திய ட்ரெயிலரின் பிரேக், இரவில் உறைந்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். விடியற்காலை மைனஸ் 25-ல் படுத்துக்கொண்டு சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி விடுவிக்க வேண்டும். காற்றுத் தாங்கிகளில் தேங்கிய தண்ணீரை வடிக்காவிட்டால் குழாய்க்குள் உறைந்து காற்று போகாது. காற்று அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கும்போது எச்சரிக்கை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் மைல் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு சதம் இல்லை. நாட்டில் தூரத்தை கிலோமீட்டரில் அளக்கிறார்கள்; ட்ரக்காரருக்குக் கூலி இன்றும் மைலில். சக்கரம் உருண்டால் காசு. டொக்கில் ஐந்து மணிநேரம் காத்திருந்தால் பல கம்பனிகளில் ஒன்றும் இல்லை.

வேலை கேட்டுப் போன முதல் கம்பனியில் அவரிடம் சொன்னது இதுதான்: “இன்கார்பரேட் பண்ணிக்கொண்டு வாருங்கள்.” அதாவது உங்கள் பெயரில் ஒரு கம்பனியைப் பதிவு செய்யுங்கள், உங்களை வேலையாளாக எடுக்க மாட்டோம், உங்கள் கம்பனிக்கு நாங்கள் காசு தருவோம். வரி பிடிப்பதில்லை, முழுத்தொகையும் கையில். கணக்காளரையும் அவர்களே காட்டிவிடுவார்கள். இதற்கு இங்கே ‘டிரைவர் இங்க்’ என்று பெயர். ட்ரக் கம்பனியுடையது, டீசல் கம்பனியுடையது, எங்கே எப்போது போக வேண்டும் என்று சொல்வது கம்பனியின் டிஸ்பாச்சர். ஓட்டுநரிடம் சொந்தமாக இருப்பது சாப்பாட்டுப் பெட்டியும் போர்வையும்தான். ஆனாலும் தாளில் அவர் ஒரு முதலாளி.

முழுக் காசு கையில் வரும்போது இனிப்பாகத்தான் இருக்கும். இல்லாமல் போவது பிறகுதான் தெரியும். வேலை போனால் ஈ.ஐ. என்கிற வேலையின்மைக் காப்புறுதி இல்லை. அடிபட்டால் டபிள்யூ.எஸ்.ஐ.பி. நட்டஈடு இல்லை. சி.பி.பி. பென்ஷனுக்கு முதலாளியின் பங்கு இல்லை. விடுமுறைச் சம்பளம் இல்லை. வருட முடிவில் டி-4 என்கிற சம்பளச் சான்று இல்லை. அது இல்லாமல் வங்கியில் வீட்டுக்கடனுக்குப் போனால் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். வரித்துறை இப்படிப்பட்ட ஒற்றையாள் கம்பனியை ‘பெர்சனல் சர்வீசஸ் பிஸினஸ்’ என்று வகைப்படுத்தினால், சிறுதொழிலுக்கான சலுகையும் போய், செலவுக் கழிவுகளில் பெரும்பாலானவையும் போய், ஒன்ராறியோவில் வரி வீதம் 44.5 சதவீதம். கணக்காளர் இதைச் சொல்வது அபூர்வம்.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா? தடுக்கிறது. வேலையாளை ஒப்பந்தக்காரராகக் காட்டுவதை கனடா தொழிற் சட்டக்கோவை 2021 ஜனவரி முதல் தடைசெய்திருக்கிறது. 2024 ஜூன் 20 முதல் அதை இன்னும் இறுக்கி, ஆள் வேலையாள் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கம்பனியின் தலையில் வைத்தார்கள். ஆனால் சட்டப் புத்தகத்துக்கும் 410 நெடுஞ்சாலையோரத்து யார்டுக்கும் நடுவில் தூரம் அதிகம்.

அவருக்கு அமெரிக்கா போக முடியாத காலம் அது. குடிவரவு நிலை உறுதியாகாதவருக்கு எல்லை தாண்டுவது நடக்காத காரியம். ஆகவே கனடாவுக்குள்ளேயே ஓட்டம், ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக்குக்கு. சுப்பீரியர் ஏரியின் கரையை ஒட்டிப் போகும் 17-ம் நெடுஞ்சாலையைப் பார்க்காதவருக்கு அந்தத் தனிமையைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பெரும்பகுதி போக ஒரு பாதை, வர ஒரு பாதை. ஒரு பக்கம் கருங்கல் பாறை, மறுபக்கம் ஏரி. வாவாவுக்கும் மராத்தனுக்கும் நடுவில் பனிப்புயல் வந்தால் பொலிஸ் வீதியை மூடிவிடும். ட்ரக்குகள் வரிசையாக நிற்கும். நிப்பிகனில் 11-ம் வீதியும் 17-ம் வீதியும் ஒன்றாகி ஒரே பாலத்தில் ஆற்றைக் கடக்கின்றன. 2015 நவம்பரில் திறந்த அந்தப் புதிய பாலத்தின் தளம் 2016 ஜனவரி 10 அன்று குளிரில் இரண்டு அடியளவு மேலே தூக்கிக்கொண்டது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளேயே இணைக்கும் ஒரே வீதி அன்று அறுந்தது. ட்ரக்காரர்களுக்கு அமெரிக்கா வழியாகச் சுற்றுவது ஒன்றே வழி. அகதி வழக்கு முடியாத ஓட்டுநருக்கு அந்த வழியும் இல்லை. பாலம் திறக்கும்வரை காத்திருப்பதுதான்.

2023 ஜனவரியில், மராத்தன் தாண்டி ஒரு இறக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பனியில் ட்ரெயிலர் பின்னாலிருந்து விலகத் தொடங்கியது. கண்ணாடியில் அது பக்கவாட்டில் வந்துகொண்டிருப்பதை அவர் பார்த்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், பிந்திவிட்டது. வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவருக்கு முதுகில் அடி. பொலிஸ் எழுதியது கவனயீனமாக ஓட்டிய குற்றம். ஒன்ராறியோவில் அதற்கு 6 டிமெரிட் புள்ளி.

கம்பனி கடைசி இரண்டு சம்பளத்தையும் நிறுத்தியது, ட்ரெயிலர் திருத்தும் செலவுக்கு என்று. பலருடைய கை படுகிற ஒரு பொருளின் சேதத்துக்கு வேலையாளின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று தொழிற் சட்டக்கோவை சொல்கிறது. ‘நீ வேலையாளே இல்லையே’ என்றது கம்பனி. சில மாதத்தில் அந்தப் பெயரே இல்லாமல் போனது. அதே யார்டு, அதே ட்ரக்குகள், கதவில் வேறு பெயர். இந்தத் தொழிலில் இவற்றைப் பச்சோந்திக் கம்பனிகள் என்பார்கள். ஏறக்குறைய ஐந்து வருடம் ஓடியதற்கு அனுபவக் கடிதம் தர அங்கே ஆள் இல்லை.

அவர் முறையிடப் போனார். முதலில் மாகாணத் தொழில் அமைச்சுக்கு. மாகாண எல்லை தாண்டி ஓடுகிற ட்ரக் என்றால் அது மத்திய அரசின் கீழ் என்று அங்கே சொன்னார்கள். மாகாணத்தில் முறையிட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மத்தியில் கொடுக்காத சம்பளத்துக்கு ஆறு மாதம்தான். அவர் சரியான கதவைக் கண்டுபிடித்தபோது ஏழாவது மாதம். இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் என்ற ஆதங்கம் இன்றும் அவரிடம் இருக்கிறது. எழுதுகிற எனக்கும் இருக்கிறது. எத்தனையோ தமிழ் அமைப்புகள் விழா நடத்துகின்றன. இந்த ஒரு தகவலை ஒரு சுவரொட்டியில் போட்டிருக்கலாம். பஞ்சாபி இளைஞர்கள் 2021-ல் பிரம்டனில் நௌஜவான் சப்போர்ட் நெட்வொர்க் என்று தொடங்கி, சம்பளம் கொடுக்காத முதலாளிகளின் வாசலிலேயே போய் நின்று காசை வாங்கிக் கொடுத்துவருகிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

காலமும் அப்போது மோசம். 2021-ல் ஓட்டுநர் கிடைக்காமல் கம்பனிகள் அலைந்தன. 2022 தொடக்கத்தில் பழைய ட்ரக்கின் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. அந்த விலைக்கு வாங்கிய நண்பர் ஒருவரும் அவருக்கு உண்டு. கனடா வங்கியின் வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதம், 2023 ஜூலையில் 5. ஏற்றுக்கூலி இறங்கியது, தவணை ஏறியது, ட்ரக்கை வங்கி எடுத்துக்கொண்டது. எல்லைக்கு அப்பால் ஏறக்குறைய 30,000 பேர் வேலை செய்த யெல்லோ ட்ரக் கம்பனியே 2023 ஓகஸ்டில் படுத்துவிட்டது.

அவர் திரும்பத் தொடங்கிய இடம் ஒரு கிடங்கின் யார்டு. ஷன்ட் ட்ரக் என்பது கட்டையான ஒரு வண்டி. ஒருவர் இருக்க ஒரு சீற், பின்பக்கம் ஒரு கதவு. அதன் தட்டு ஹைட்ரோலிக்கில் மேலே எழும்பி ட்ரெயிலரைத் தூக்கிக்கொள்ளும். கீழே இறங்கி ட்ரெயிலரின் தாங்கு கால்களைச் சுற்றி உயர்த்தத் தேவையில்லை. யார்டில் நிற்கும் ட்ரெயிலரை டொக்குக்கு, டொக்கில் இறக்கியதை யார்டுக்கு, இரவு முழுக்க. நெடுஞ்சாலைக்காரர்கள் இதை இளக்காரமாகப் பார்ப்பார்கள். அவர் பார்க்கவில்லை. மணிக்கணக்கில் சம்பளம். இரண்டு கிழமைக்கு ஒரு பே ஸ்டப், அதில் ஈ.ஐ. பிடித்தது தனியே, சி.பி.பி. பிடித்தது தனியே. 2024 பெப்ரவரியில் அவர் கைக்கு வந்த டி-4, ட்ரக் தொழிலில் அவர் பெற்ற முதல் டி-4. மனைவி அதை வீட்டுப் பத்திரங்களோடு ஃபைலில் வைத்தார்.

அப்ஸ்ட்ராக்டின் கணக்கு வேறு. டிமெரிட் புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்தில் போய்விடும். ஆனால் தீர்ப்பு மூன்று வருடத் தாளில் கிடக்கும். அதைக் குறுக்குவழியில் துடைத்துத் தருகிறோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். காசைக் கொடுத்து ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். அவர் நாட்களைக் கடத்தினார். அதற்குள் 46 வயதைத் தாண்டியிருந்ததால் மருத்துவ அறிக்கை இனி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இல்லை, மூன்றுக்கு ஒருமுறை. சீனி கூடியிருந்தது. ட்ரக் ஸ்டொப் சாப்பாட்டை விட்டு, வீட்டிலிருந்து குரக்கன் புட்டும் பருப்பும் கட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்.

இடையில் குடியுரிமையும் வந்தது. இப்போது அமெரிக்கா போகலாம். அங்கே ஆங்கிலம் குறுக்கே நின்றது. ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1930-களிலிருந்தே இருக்கிற விதி. 2025 ஏப்ரல் 28-ல் வந்த ஜனாதிபதி உத்தரவுக்குப் பிறகு, ஜூன் 25 முதல், வீதிச் சோதனையில் அதிகாரியோடு ஆங்கிலத்தில் பேச முடியாத ஓட்டுநரை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். கனடாவிலிருந்து போகிறவருக்கும் அதே விதி. அவர் வகுப்புத் தேடினார். புதிதாக வந்தவர்களுக்கான மத்திய அரசின் லிங்க் வகுப்பு இலவசம், ஆனால் குடியுரிமை எடுத்தவருக்கு அங்கே இடமில்லை. பள்ளிச் சபை நடத்துகிற வளர்ந்தோர் வகுப்பில்தான் இடம் கிடைத்தது. எங்கிருந்து வருகிறாய், என்ன ஏற்றியிருக்கிறாய், கடைசியாக எப்போது தூங்கினாய் என்று அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளை மகள் கேட்க, சமையலறை மேசையில் இருந்து பதில் சொல்லிப் பழகினார். இரண்டு நாட்டு நேர விதியையும் பாடமாக்கினார்: கனடாவில் ஒரு நாளில் 13 மணிநேரம் ஓட்டலாம், அமெரிக்காவில் 11.

பழகி முடிக்கும்போது எல்லைச் சுமை குறைந்துபோயிருந்தது. 2025 மார்ச்சில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அமெரிக்கா போட்ட 25 சதவீத வரி, ஜூனில் 50 ஆனது. அவர் இப்போது ஒன்ராறியோவுக்குள் இரவு லைன்ஹோல் ஓடுகிறார், வேலையாளாக. ரொறன்ரோவிலிருந்து கிங்ஸ்டன் வரை ஒரு ட்ரெயிலர், அங்கே மாற்றிக்கொண்டு திரும்ப வர இன்னொன்று. விடியும்போது வீட்டில்.

யார்டில் இப்போது அவர்தான் ‘அண்ணை’. அண்மையில் ஒரு பொடியன் போன் எடுத்தான். இன்கார்பரேட் பண்ணி, மனிற்றோபாவுக்கு ஓடியவன். கம்பனி மூன்று சம்பளம் தரவில்லை, இன்னும் தருவதாகச் சொல்கிறார்கள் என்றான்.

“முதல் சம்பளம் எப்ப தந்திருக்கோணும்?”

“ஐஞ்சு மாசத்துக்கு முன்னம் அண்ணை. பொறுத்துப் பாப்பம் எண்டுதான்...”

“பொறுக்காதை. மாகாணத்துக்குப் போகாதை, நீ ஓடினது பெடரல். பின்னேரம் வீட்டை வா, லொக் புக், டிஸ்பாச் மெசேஜ், செக் கொப்பி எல்லாத்தையும் கொண்டு வா. மகள் இருப்பாள், இண்டைக்கே போடுவம்.”